செல்வமணியின் பேருக்கு நான் நின்ற வருடம்

போன மாதம் முழங்கால் வலி என்று கேகாலை டவுனில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரிக்குப் போயிருந்தேன். இப்போதெல்லாம் எங்கே போனாலும் துண்டில் நம்பர் எழுதிக் கொடுத்து, நம்பரைத்தானே கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு நின்ற பெண் புதியவள் போலிருக்கிறது. கொப்பியைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையில் வெள்ளை இறப்பர் உறை. அதன் வாசனை மூக்கில் ஏறியதும் நான் இருந்த வாங்கை மறந்து எங்கேயோ போய்விட்டேன். அந்த நேரம் பார்த்து அவள் "செல்வமணி" என்றாள். முழங்கால் வலியெல்லாம் போன இடம் தெரியவில்லை. விறுக்கென்று எழும்பி "வந்தேங்க" என்று சொல்லிவிட்டேன்.

என் பேர் செல்வமணி இல்லை. அந்தப் பேருக்குரிய அம்மா மூலையிலிருந்து மெதுவாக எழும்பி வந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனார். பக்கத்திலிருந்த என் மகள், எனக்குக் காட்டவேண்டியது முழங்காலையா மூளையையா என்று காதோரம் கேட்டாள். அவள் பிறக்கும் முன்னால் நடந்த கதை அது. ஒன்பது மாதம் நான் செல்வமணியாக இருந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு இருபத்திரண்டு வயதாக இருக்கும்போது, யட்டியாந்தோட்டைக்குக் கிட்ட ஓர் இறப்பர் தோட்டத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கேகாலையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் ஹார்ட்வெயார் கடையில் வேலை. அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவருடைய அம்மாதான் என்னைப் பார்த்தார். சும்மா பார்க்கவில்லை. கிட்டே வந்து நாடியைப் பிடித்துத் திருப்பி, மூக்கைப் பார்த்து, நெற்றியைப் பார்த்து, முந்தானை முடிச்சிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்து, மறுபடி என்னைப் பார்த்தார். என் அழகில் மயங்கிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அந்த வயதில் எந்தக் கழுதையும் அப்படித்தான் நினைக்கும்.

கல்யாணமாகி மூன்றாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. முடிச்சிலிருந்து எடுத்தது அவருடைய மகள் செல்வமணியின் அடையாள அட்டை. அதிலிருக்கிற படத்துக்கும் எனக்கும் சாடை ஒத்துப்போகிறதா என்று பார்த்திருக்கிறார். அப்படித் தேடி இரண்டு தோட்டத்தில் பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் மஸ்கெலியாவுக்கு ஏறி வந்திருக்கிறார்கள். தங்கச்சி மாதிரியே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று லயத்துப் பெண்கள் என் வீட்டுக்காரரைக் கேலி பண்ணினார்கள். பாவம் அவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். வந்தால் என் முகத்தை நேராகப் பார்க்கவே ஆறு மாதம் கூச்சப்பட்டார்.

ஏன் இந்த ஏற்பாடு என்றால், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு காம்பரா இருக்கவேண்டுமானால் அந்த வீட்டிலிருந்து ஒரு பேராவது தோட்டத்துச் செக்ரோலில் இருக்கவேண்டும். செக்ரோல் என்பது வேலையாட்களின் பேர்ப் புத்தகம். மாமா காலமாகிவிட்டார். அத்தைக்கு வயதாகிப் பேர் வெட்டியாகிவிட்டது. மகன் கடைக்காரர். மிஞ்சியது செல்வமணியின் பேர் ஒன்றுதான். அவளோ டவுன் பக்கம் சொந்தமாக ஒரு துண்டுக் காணி வாங்கவேண்டும் என்று சொல்லி, வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போய்விட்டாள். அவள் போன செய்தி ஆபிசுக்குத் தெரிந்தால் பேர் போகும், பேரோடு காம்பராவும் போகும். புதுப் பேர் பதிவதையும் தோட்டத்தில் நிறுத்தியிருந்தார்கள். அதனால் ஒருத்தி செல்வமணியாக வந்து செல்வமணியின் இறப்பர் மரங்களில் பால் வெட்டவேண்டும். அந்த ஒருத்திதான் நான்.

விடிய முன்னால் பிரட்டுக்களத்தில் எல்லோரும் கூடவேண்டும். கணக்கப்பிள்ளை லாம்பு வெளிச்சத்தில் பேர் கூப்பிடுவார். அத்தைக்கு அவர் தூரத்துச் சொந்தம், அவருக்கு எல்லாம் தெரியும். முதல் நாள் அவர் "செல்வமணி" என்று கூப்பிட்டபோது, அது யார் என்று நானும் மற்றவர்களைப் போல் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்திலிருந்தவள் விலாவில் இடித்த பிறகுதான் வாய் திறந்தது. வீட்டுக்கு வந்ததும் அத்தை பயிற்சி தொடங்கினார். அடுப்பை ஊதிக்கொண்டிருப்பேன், பின்னாலிருந்து "செல்வமணி" என்பார். நான் திரும்பாவிட்டால் அன்றைக்கு முழுக்க ஒரு பேச்சுப் பேசமாட்டார். ரொட்டி தட்டும்போது, பீலித் தண்ணீரில் குளிக்கும்போது, தலை வாரும்போதெல்லாம் செல்வமணிதான். என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் ஆளுண்டு.

அத்தை என்னைப் பழக்குவதற்காக மட்டும் கூப்பிடவில்லை என்பது போகப்போகத்தான் புரிந்தது. பிரட்டுக்களத்துக்கு மேலே கொஞ்ச தூரத்தில் பீலி. தினமும் பேர் கூப்பிடும் நேரத்துக்குச் சரியாக அவர் குடத்தோடு அங்கே வந்து நிற்பார். குடம் நிறைந்து வழியும், எடுக்கமாட்டார். ஒருநாள் அவராகவே சொன்னார். "காலையில அந்தப் பேரு காதுல விழுந்தா, புள்ள இங்கதான் எங்கயோ நிக்கிறான்னு இருக்கு." செல்வமணியிடமிருந்து அப்போது நாலு மாதமாகக் கடிதம் இல்லை.

சரி, பேருக்குப் பதில் சொல்லப் பழகிவிட்டேன். கைக்கு யார் பழக்குவது? தேயிலையில் இரண்டு கையும் பறக்கவேண்டும். இறப்பரில் பறந்தால் மரம் செத்தது. பட்டையைத்தான் சீவவேண்டும், கத்தி உள்ளே கட்டையைத் தொடக்கூடாது. தொட்டால் காயம். அந்த இடம் பிறகு முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, திரும்ப வெட்ட முடியாமல் போய்விடும். செல்வமணி அந்தப் பிரிவிலேயே பேர் வாங்கிய வெட்டுக்காரி. அவள் வெட்டிய பட்டையைத் தடவிப் பார்த்திருக்கிறேன், அவ்வளவு சீராக இருக்கும். வெயில் ஏறமுன் முந்நூறு மரத்தையும் முடித்துவிடுவாளாம். அவள் முடித்ததை நானும் முடிக்காவிட்டால் சந்தேகம் வரும். எனவே ஓடி ஓடி வெட்டினேன். மரத்துக்கு மரம் காயம். அட்டை கடித்து என் காலில் ரத்தம் வடியும், என் கத்தி பட்டு மரத்தில் பால் கண்ட இடத்திலெல்லாம் வடியும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்போம்.

காயத்தை மறைக்க ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். மண்ணைக் குழைத்து அப்பிவிட்டேன். தேயிலைத் தோட்டத்துக்காரிக்குத்தான் அப்படி ஒரு புத்தி வரும். இறப்பர் மரத்தில் மண்ணைக் கண்டாலே அதற்குக் கீழே காயம் இருக்கிறதென்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

புதிதாக வந்த சின்னத்துரை, அதாவது தோட்டத்து உதவி மனேஜர், அதைக் கண்டுபிடித்தார். சிங்கள இளைஞர், கோபக்காரர் இல்லை, ஆனால் எதையும் விடாமல் கேட்கிற ஆள். ஒரு நாள் கணக்கப்பிள்ளையோடு என் மரத்தடிக்கே வந்துவிட்டார். மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தார். அடுத்த மரத்தில் தேய்த்தார். பிறகு பழைய பட்டையைக் காட்டி, போன வருடம் இப்படி வெட்டியவள் இந்த வருடம் ஏன் இப்படி வெட்டுகிறாள் என்று சிங்களத்தில் என்னிடமே கேட்டாராம், கணக்கப்பிள்ளை பிறகு சொன்னார். அந்தப் பக்கத்துத் தமிழர்கள் எல்லோரும் சிங்களத்தைத் தண்ணி மாதிரி பேசுவார்கள், செல்வமணியும்தான். மஸ்கெலியாக்காரி எனக்கு ஆமாவுக்கு 'ஒவ்', இல்லைக்கு 'நே', இந்த இரண்டுக்கும் மேல் தெரியாது. நான் எதற்கு 'ஒவ்' சொல்வது, எதற்கு 'நே' சொல்வது என்று தெரியாமல் நிற்க, கணக்கப்பிள்ளை முந்திக்கொண்டு அவளுக்குப் பல்வலி, வாய் திறக்கமுடியாது என்று சொல்லிவிட்டார். அதைக் காப்பாற்ற நான் ஒரு கிழமை தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். லயமே சிரித்தது. சின்னத்துரை அன்றைக்குப் போகும்போது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் அந்தக் காலை. கொழும்பில் எங்கோ குண்டு வெடித்திருந்தது. அந்த நாட்களில் எங்கே வெடித்தாலும் எங்கள் லயத்துக் கதவில்தான் தட்டுவார்கள். பிரட்டுக்கு இறங்கினால் களத்தைச் சுற்றி ஆமிக்காரர்கள். பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. ஓர் ஆமிக்காரர் அடையாள அட்டையை வாங்கிப் பேரை உரக்க வாசிக்கவேண்டும், சின்னத்துரை செக்ரோலைப் பார்த்து அந்தப் பேர் இருக்கிறதென்று சொல்லவேண்டும். அதுதான் ஏற்பாடு.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். என் இடுப்புச் சுருக்குப் பையில் இருப்பது செல்வமணியின் அட்டை. அத்தை தினமும் கையில் திணித்து அனுப்புவார். என்னுடைய சொந்த அட்டை வீட்டில் தகரப் பெட்டிக்குள். செல்வமணி என்று அட்டையை நீட்டி ஆமிக்காரர் கண்டுபிடித்தால், ஆள்மாறாட்டம் என்று என்னைக் கொண்டுபோய்விடுவார்கள். போனவர்களில் பலர் எப்போது திரும்புவார்கள் என்று தெரியாமல் பெற்றவர்கள் பொலிசுக்கு நடந்துகொண்டிருந்த காலம். உண்மைப் பேரைச் சொன்னால் சின்னத்துரை பக்கத்திலேயே நிற்கிறார், காம்பரா போகும். எனக்கு முன்னால் பதினொரு பேர் நின்றார்கள். எண்ணிக்கொண்டே இருந்தேன். பத்து, ஒன்பது, எட்டு. மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரம் காம்பராவும் நினைவில்லை, அத்தையும் நினைவில்லை, உயிரோடு வீட்டுக்குப் போனால் போதும் என்றுதான் இருந்தது.

என் முறை வந்தது. அட்டையை நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாடை சரியாகத்தான் இருந்திருக்கவேண்டும். அத்தையின் கண் தப்புக் கண் இல்லை. "செல்வமணி" என்று வாசித்தார். சின்னத்துரை செக்ரோலில் விரல் வைத்து இருக்கிறது என்றார். அட்டையைத் திருப்பித் தரப்போனவர், சும்மா ஏதோ ஒரு கேள்வி கேட்டார். சிங்களத்தில். எனக்குப் புரியவில்லை. "ஒவ்" என்றேன். அவர் முகம் மாறியது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாராம், பிறகுதான் சொன்னார்கள். மறுபடி வேறு ஒன்று கேட்டார். "நே" என்றேன். அவர் அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, பிறந்த இடம் யட்டியாந்தோட்டை என்று போட்டிருக்கிறதே, அங்கே பிறந்தவளுக்கு எப்படிச் சிங்களம் தெரியாமல் போனது என்று சின்னத்துரையைக் கேட்டாராம். கணக்கப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு ஆமிக்காரர் வந்து என் முழங்கைக்கு மேலே பிடித்தார்.

அப்போது மேலே பீலிப் பக்கம் குடம் உருண்டு விழுந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அத்தை ஓடி வந்துகொண்டிருந்தார். பீலியிலிருந்து நேரே களத்துக்கு அல்ல, முதலில் வீட்டுக்கு ஓடி, தகரப் பெட்டியைத் திறந்து என் அட்டையை எடுத்துக்கொண்டு, காம்பரா வாசலிலிருந்து குறுக்கே படியில்லாத மண்மேட்டில் சறுக்கிக்கொண்டு. செருப்பில்லை, முந்தானை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நேரே வந்து ஆமிக்காரருக்கும் எனக்கும் நடுவில் நின்றார். "மாத்தயா, மே மகே லேலி" என்றார். இது என் மருமகள். பிறகு அத்தனையும் சிங்களத்தில், மூச்சு விடாமல். மஸ்கெலியா, கல்யாணம், குவைத், காம்பரா, தான் செய்த வேலை, இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, பிடிக்கிறதென்றால் தன்னைப் பிடியுங்கள். கடைசியில் சின்னத்துரை பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"என் மக இங்க இல்லீங்க தொர. அந்தப் பேர வெட்டிருங்க."

நான் அழவில்லை. அத்தை அழவில்லை. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்ன வாயை அவர் உடனே முந்தானையால் துடைத்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன். ஒன்பது மாதமாக என்னை என் பேர் சொல்லிக் கூப்பிடாத மனுஷி, எனக்காகத் தன் மகளின் பேரை ஊருக்கு முன்னால் விட்டுக்கொடுத்தார். அவர் மேல் நான் மனதுக்குள் வைத்திருந்த கோபம் எல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

ஆமிக்காரர் இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நல்லவேளை, அவருக்கும் வீட்டில் ஓர் அம்மா இருந்திருக்கவேண்டும். ஏதோ திட்டிவிட்டு இரண்டையும் சின்னத்துரையிடம் கொடுத்தார். மறுநாள் செல்வமணியின் பேர் வெட்டுப்பட்டது. அத்தை ஆபிஸ் வாசலில் காலையிலிருந்து மாலை வரை நின்றார். சின்னத்துரைக்கும் ஆள் தட்டுப்பாடு, அந்த முந்நூறு மரத்தையும் யாராவது வெட்டத்தானே வேண்டும். ஒரு மாதம் பேரில்லாமல் வெட்டட்டும், ஒரு காயம் இல்லாமலிருந்தால் பெரிய துரையிடம் கேட்டு அவள் பேரையே பதிகிறேன், காயம் கண்டால் காம்பராவைக் காலி பண்ணவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த மாதம் எப்படிப் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் ஒன்று நடந்தது. செல்வமணி மாதிரி வெட்டவேண்டும் என்ற ஓட்டம் இல்லை. எனக்கு வந்த வேகத்தில் வெட்டினேன். வெயில் ஏறும், மரம் மிஞ்சும், ஏச்சு விழும். கை மட்டும் தானாகவே அடங்கிவிட்டது. மாத முடிவில் சின்னத்துரை மரம் மரமாகத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த நாள் பிரட்டில் கணக்கப்பிள்ளை என் பேரைக் கூப்பிட்டார். நான் பேசாமல் நின்றேன். செல்வமணி என்று வரும் என்று காத்துக்கொண்டிருந்தேனாம்! மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் எனக்கு என் பேரே உறைத்தது.

சந்தோஷத்தில் பீலிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாருமில்லை. அதற்குப் பிறகு அத்தை காலையில் பீலிக்கு வருவதில்லை. முதல் நாள் பின்னேரமே தண்ணீர் எடுத்து வைத்துவிடுவார். என் மேல் பாசமாகத்தான் இருந்தார், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பேர் கூப்பிடும் நேரத்துக்கு எங்கள் காம்பராக் கதவு சாத்தியிருக்கும்.

இதில் நான் செய்த பிழை ஒன்று இருக்கிறது. பிறகு செல்வமணியிடமிருந்து கடிதம் வரத் தொடங்கியது. பதில் எழுதுவது நான்தான். பேர் போன கதையை எழுதவேண்டாம், அவள் வந்த பிறகு தான் சொல்லிக்கொள்வதாக அத்தை சொன்னார். எனக்கும் அது வசதியாக இருந்தது. அவள் இடத்தில் நின்றுகொண்டு, உன் இடம் இனி இல்லை என்று எந்த முகத்தோடு எழுதுவது? அவள் வரும்வரை எல்லோரும் சுகம் என்றே எழுதினேன்.

செல்வமணி வந்தாள். பெரிய பெட்டி, கம்பளிப் போர்வை, கேசட் ரேடியோ. மெலிந்திருந்தாள், சாடை இப்போது அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. அன்று பின்னேரம் முழுக்க அத்தை அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டும் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டும் இருந்தார். சொல்வார் சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. மறுநாள் நான் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், அவள் பழைய பாவாடையும் சட்டையுமாக வாசலில் நிற்கிறாள்.

"சும்மா வாறேன் அண்ணி. பிரட்டப் பாத்து எவ்வளவு நாளாச்சு."

களத்துக்குப் பத்து நிமிட நடை. சொல்லியிருக்கலாம். அவள் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுக்கொண்டு நடந்தாள், நான் பின்னால் நடந்தேன். பேர்கள் வந்தன. என் பேர் வந்தது, பதில் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள், இன்னும் விளங்கவில்லை. கணக்கப்பிள்ளை கடைசிப் பேரையும் கூப்பிட்டுக் கொப்பியை மூடினார். அந்த அமைதியில் அவள் "வந்தேங்க" என்றாள். யாரும் கூப்பிடவில்லை. இரண்டு மூன்று பெண்கள் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை தலையை நிமிர்த்தவேயில்லை.

திரும்பும் வழியில் எல்லாம் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். நடந்துகொண்டே சொன்னாள். "அங்க என்னைய மேரின்னுதான் கூப்புடுவாங்க அண்ணி. எனக்கு முந்தி இருந்தவ பேரு அது. நாலு வருஷமா எம் பேர யாரும் கூப்புடல. ஒருக்கா காதால கேட்டுட்டு வரலாம்னுதான் வந்தேன்."

மூன்று மாதத்தில் அவள் திரும்பவும் போய்விட்டாள். வாங்கவேண்டும் என்ற காணியை வாங்கினாள், அதில் இருப்பது நாங்கள்தான். அத்தை அந்த வீட்டில்தான் கண்ணை மூடினார். நான் வெட்டிய முந்நூறு மரத்தையும் தறித்து அங்கே முள்ளுத்தேங்காய் என்கிற எண்ணெய்ப்பனை நட்டிருக்கிறார்கள். பிரட்டுக்களத்தில் புல் இடுப்பளவு நிற்கிறது. வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் ஃபோனில் தகவல் வருகிறதாம். காலையில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

டிஸ்பென்சரிக்குப் போய்வந்த ஞாயிற்றுக்கிழமை செல்வமணி வழக்கம்போல் குவைத்திலிருந்து ஃபோன் எடுத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள், இன்னும் மேரிதான். முழங்கால் எப்படி என்று கேட்டாள். அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளை மாதிரி, கொஞ்சம் இழுத்து, "செல்வமணி" என்று கூப்பிட்டேன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று ஃபோனைப் பார்த்தேன். பிறகு மெதுவாக, "வந்தேங்க" என்றாள்.